வைரச் சுரங்கத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஸ்டூவர்ட் பிளஸன் என்ற நிலவியலாளரின் வாழ்க்கை வழியே ஒரு எளிய விளக்கம்

தி.நகரில் வைரத்தோடு வாங்கிக்கொண்டு வெளியே வருபவர்களை நிறுத்தி, இந்தக் கல் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். நிலக்கரி பூமிக்கடியில் அழுந்தி அழுந்தி வைரமாகிறது என்பது ஒன்று. யாரோ ஒரு அதிர்ஷ்டசாலி தோண்டும்போது தட்டுப்பட்டிருக்கும் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. முதலாவது பாடப்புத்தகம் படித்தவர்களிடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது அதைவிடத் தீங்கானது. ஒரு பெரிய அறிவியல் உழைப்பை அது குருட்டு யோகமாக்கிவிடுகிறது.

கனடாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் பிளஸனுக்கும் இதுதான் நடந்திருக்கிறது. கல் பொறுக்கிக் கோடீஸ்வரர் ஆனார், பிறகு ஐந்து கோடி டாலரைப் பல்கலைக்கழகத்துக்குத் தூக்கிக் கொடுத்தார் என்று அவருடைய வாழ்க்கையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறார்கள். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே உள்ள முறைதான் இந்தக் கட்டுரை. அதைப் புரிந்துகொண்டால், கொடையும் வேறு வெளிச்சத்தில் தெரியும்.

சிதறலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவது

செம்மண் ஏற்றிய லாரி ஒன்று ஜி.எஸ்.டி. சாலையில் போகிறது. பின்கதவு சரியாக மூடவில்லை. வழியெல்லாம் மண் சிந்துகிறது. லாரி போய் ஒரு மணி நேரம் கழித்து நாம் வருகிறோம். லாரியைப் பார்க்கவில்லை, ஆனால் கறுப்புத் தார்ச்சாலையில் சிவப்புக் கோடு தெரிகிறது. மண் ஏற்றிய இடம் எது என்று தெரிய வேண்டுமானால் என்ன செய்வோம்? லாரி வந்த திசையில் பின்னோக்கி நடப்போம். ஓரிடத்தில் சிவப்புத் தடம் சட்டென்று நின்றுபோகும். அதற்கு அப்பால் ஒரு துளி செம்மண்ணும் இருக்காது. ஏற்றிய இடம் அங்கேதான் எங்கேயோ இருக்கிறது.

கனிமத் தேடல் என்பதன் அடிப்படை இவ்வளவுதான். நிலத்துக்கு அடியில் மறைந்திருக்கும் பயனுள்ள கனிமத்தை, மேலே அது விட்டுச்சென்ற தடயங்களைக் கொண்டு கண்டறியும் வேலைக்குக் கனிமத் தேடல் என்று பெயர். பாறைகளையும் பூமியின் வரலாற்றையும் படிப்பது நிலவியல். நிலவியல் தெரியாமலும் தேடலாம். ஆனால் லாரி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது தெரியாது.

இந்த முறைக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நம் பல்லாவரத்திலேயே இருக்கிறது. கொல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை இருக்கிறது. 1690களில் இறந்தவர் அவர். கங்கை வண்டல் படிந்த அந்த ஊரில் கருங்கல்லே கிடையாது. அப்படியானால் கல்லறையின் மேல் கிடத்தப்பட்ட அந்தக் கல் எங்கிருந்து வந்தது? தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893-ல் அதை ஆராய்ந்தார். ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் கலந்த, நீலச்சாயல் ஓடும் கறுப்புப் பாறை அது. அதே சேர்க்கை பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளில் இருந்தது. சார்னாக்கின் பெயரையே சேர்த்து அந்தப் பாறைக்குச் சார்னகைட் என்று பெயரிட்டார். இன்று உலகம் முழுவதும் நிலவியல் மாணவர்கள் அந்தப் பெயரைத்தான் படிக்கிறார்கள். பல்லாவரத்தில் அந்தக் குன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் அருகிலேயே நாள்தோறும் மின்சார ரயில் பிடிப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இதுவரை சொன்னதன் சாரம்: கல் தன் பிறந்த இடத்தை விட்டு நகரும். ஆனால் தன் சேர்க்கையை மாற்றிக்கொள்ளாது. அந்தச் சேர்க்கையைப் படிக்கத் தெரிந்தால் பிறந்த இடத்தைச் சொல்லிவிடலாம்.

வைரம் பிறக்கும் இடம்

முதலில் நிலக்கரிக் கதையை முடித்துவிடுவோம். நிலக்கரி என்பது நிலத்தில் வளர்ந்த செடிகொடிகள் புதைந்து உண்டானது. நிலத்தில் காடுகள் தோன்றி 40 கோடி ஆண்டுகள்கூட ஆகவில்லை. வைரங்களில் பெரும்பாலானவை 100 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. சில 300 கோடி ஆண்டுகளைத் தாண்டியவை. மரமே முளைக்காத காலத்தில் பிறந்த கல்லுக்கு மரம் எப்படித் தாயாக முடியும்? இரண்டிலும் கார்பன் இருக்கிறது. உறவு அவ்வளவுதான்.

வைரம் உருவாவது தரைக்குக் கீழே சுமார் 150 கிலோமீட்டரும் அதற்கும் கீழும். கண்டங்களின் மிகப் பழைய, மிகத் தடித்த நடுப்பகுதிகளுக்கு அடியில்தான் அதற்கேற்ற அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து அமைகின்றன. அவ்வளவு ஆழத்துக்கு எந்த மனிதனும் தோண்டியதில்லை, தோண்டவும் முடியாது. அப்படியென்றால் வைரம் எப்படி நம் கைக்கு வருகிறது?

அதைக் கொண்டுவருவது ஒரு வகை எரிமலைக் குழம்பு. வைரம் இருக்கும் ஆழத்துக்கும் கீழேயிருந்து கிளம்பி, வழியில் கிடைப்பதையெல்லாம் பிய்த்துக்கொண்டு மிக வேகமாக மேலே வரும். மெதுவாக வந்தால் வைரம் வழியிலேயே கரைந்தோ கிராஃபைட்டாக மாறியோ போய்விடும். அந்தக் குழம்பு உறைந்து உண்டாகும் பாறைக்குக் கிம்பர்லைட் என்று பெயர். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரிலிருந்து வந்த பெயர் அது. கேரட்டை நிலத்தில் செருகிவைத்ததுபோல் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும் இந்தப் பாறைத் தண்டின் மேற்பரப்பு பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம்தான். அதைக் கண்டுபிடிப்பதுதான் தேடுபவரின் வேலை.

வைரத்தைத் தேடுவதில்லை

வைரம் தேடுபவர்கள் வைரத்தைத் தேடுவதில்லை. புதியவர்களுக்கு இதை நம்புவதுதான் கடினம்.

நல்ல சுரங்கத்தில்கூட ஒரு டன் கிம்பர்லைட்டுக்கு ஒரு காரட் வைரம் கிடைத்தால் நல்ல விளைச்சல். ஒரு காரட் என்பது 0.2 கிராம். ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு. அது உடைந்து ஆற்றிலும் பனியிலும் சிதறிய பிறகு மணலில் அள்ளித் தேடினால் வாழ்நாள் போதாது. ஆனால் அந்தக் குழம்பு வைரத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. அதே ஆழத்திலிருந்து வேறு சில கனிமங்களையும் கொண்டுவருகிறது. அவை வைரத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். செந்நிறத்திலிருந்து ஊதா வரை மின்னும் பைரோப் என்ற கார்னெட் வகை, மரகதப் பச்சையில் குரோம் டயாப்சைடு, கறுப்பு இல்மனைட், குரோமைட். இவற்றுக்கு விலை இல்லை. இருப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பதுதான் இவற்றின் பயன். ஆகவே அடையாளக் கனிமங்கள் என்று பெயர்.

இவற்றைப் பிரித்தெடுக்கும் வேலையைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். ஆற்றுப்படுகையிலோ மணல்மேட்டிலோ வாளிவாளியாக மணல் அள்ளிச் சலிக்கிறார்கள். சாதாரண மணல் குவார்ட்ஸ், எடை குறைவு. அடையாளக் கனிமங்கள் கனமானவை. நீரிலும் பிறகு அடர்த்தி மிகுந்த திரவத்திலும் போட்டால் லேசானது மிதக்க, கனமானது அடியில் தங்கும். மிஞ்சிய ஒரு பிடியை நுண்ணோக்கியின் அடியில் பரப்பி, ஊசிமுனையால் ஒவ்வொரு மணியாகத் தள்ளித் தள்ளிப் பிரிக்கிறார்கள். ஒரு மணியின் அகலம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நாள் முழுவதும் பார்த்து ஓர் ஊதா மணி கிடைத்தால் அதைக் கண்ணாடித் தகட்டில் பதித்து எண்ணிட்டு, எந்த வாளி, எந்த இடம் என்று எழுதிவைக்க வேண்டும். அந்தக் குறிப்பு தவறினால் மணி வீண்.

எல்லாக் கார்னெட்டும் ஒன்றல்ல

கார்னெட் என்றதும் தமிழகத்தில் பலருக்கும் தென்கோடிக் கடற்கரைகள் நினைவுக்கு வரும். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கரைகளில் செக்கச்செவேல் என்று கிடக்கும் தாதுமணலில் கார்னெட் ஏராளம். அங்கே வைரம் உண்டா? இல்லை. அந்தக் கார்னெட் ஆல்மண்டைன் என்ற வகை. கண்டத்தின் மேலோட்டுப் பாறைகளில் பிறந்தது. வைரம் பிறக்கும் ஆழத்தை அது பார்த்ததே இல்லை.

பைரோப்பிலும் எல்லாம் நற்செய்தி சொல்வதில்லை. கிம்பர்லைட்டுகளிலேயே ஏறக்குறைய நூற்றில் ஒன்றுதான் சுரங்கம் வைக்கத் தகுந்த அளவு வைரம் கொண்டது. எந்த மணி வைரம் உள்ள கிம்பர்லைட்டிலிருந்து வந்தது, எது வெறும் கிம்பர்லைட்டிலிருந்து வந்தது என்று பிரிப்பது எப்படி? கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜான் கர்னி இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகள் செலவிட்டார். மணியின் மீது எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி அதன் வேதிச் சேர்க்கையை அளந்தபோது ஒரு வகை தனித்து நின்றது: குரோமியம் அதிகமாகவும் கால்சியம் குறைவாகவும் உள்ள பைரோப். அது வைரம் நிலைக்கும் ஆழத்தில் வைரத்தோடு சேர்ந்து வளர்ந்தது. தேடுபவர்கள் இதை ஜி10 கார்னெட் என்று அழைக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒரே ஊதாதான். ஒன்று கோடிகளைச் சுட்டும், மற்றொன்று வெறும் மணல்.

ஒரு பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து மணிகளின் கால்சியத்தை அளந்துகொண்டிருந்த இந்த வேலை இல்லாமல் கனடாவின் வைரக் கதையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

சுருக்கிச் சொன்னால்: வைரத்தைக் கிம்பர்லைட் கொண்டுவருகிறது. கிம்பர்லைட்டை அடையாளக் கனிமங்கள் காட்டுகின்றன. அந்தக் கனிமங்களின் வேதியியல், அந்தக் கிம்பர்லைட்டில் வைரம் இருக்க வாய்ப்பு உண்டா என்பதைச் சொல்கிறது.

பனி சுமந்த மணல்

இப்போது பிளஸனிடம் வருவோம். 1939-ல் வான்கூவரில் பிறந்தவர். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1960-ல் பட்டம், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1964-ல் முனைவர் பட்டம். பிறகு கனடா நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, ஆளரவமற்ற வடமேற்கு மலைகளை நிலவியல் வரைபடத்தில் ஏற்றும் பணியில் ஈடுபட்டார். அரசுச் சம்பளத்தில், எந்தச் சுரங்கத்தையும் எதிர்பார்க்காமல், பாறை எது, வயது என்ன, பனி எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பதிவு செய்யும் பணி அது. இந்த ஆண்டுகளைப் பற்றி அவருடைய புகழ் பாடுபவர்கள் பேசுவதே இல்லை. பிற்பாடு கைகொடுத்தது இந்தப் பயிற்சிதான்.

அவருடைய கூட்டாளி சக் ஃபிப்கே. 1946-ல் எட்மன்டனில் பிறந்தவர், அதே பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். மணலிலிருந்து கனமான மணிகளைப் பிரிப்பதில் தேர்ந்தவர். கெலோனா நகரில் அதற்கென்றே ஆய்வகம் வைத்திருந்தார். மணியைப் பிரிக்க ஒருவர், நிலத்தைப் படிக்க ஒருவர். ஓர் எண்ணெய் நிறுவனத்தின் சுரங்கப் பிரிவு தொடக்கத்தில் பணம் கொடுத்தது, பிறகு பின்வாங்கியது. இருவரும் விடவில்லை.

மெக்கன்சி ஆற்றுச் சமவெளியில் பிளாக்வாட்டர் ஏரிப் பக்கம் அடையாளக் கனிமங்கள் கிடைத்தன. உலக வைர வணிகத்தையே கையில் வைத்திருந்த டி பியர்ஸின் கிளை நிறுவனமும் அதே பகுதியில் தேடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த மணிகளின் கிம்பர்லைட் பக்கத்தில் எங்கும் இல்லை. அப்படியானால் செம்மண் லாரி எது?

நம் நாட்டில் பதில் எளிது: ஆறும் மழையும். ஆந்திராவின் கர்னூல், அனந்தபூர் மாவட்டங்களில் மழை பெய்ததும் வயல்களில் வைரம் தேடி மக்கள் குவிவதைச் செய்திகளில் பார்க்கிறோம். கிருஷ்ணா ஆற்றங்கரையின் கொல்லூர் வைரங்களும் நீர் உருட்டி வந்த சரளையில் கிடைத்தவைதான். 1720களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகின் வைரம் பெரும்பாலும் இந்திய வைரமே. அந்த வணிகத்தின் ஒரு வாசல் நம் புனித ஜார்ஜ் கோட்டை. 410 காரட் எடையுள்ள ஒரு கல்லை இங்கே ஆளுநராக இருந்த தாமஸ் பிட் வாங்கினார். பட்டை தீட்டப்பட்டு அது இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கனடாவில் லாரி பனி. கடைசிப் பனியுகத்தில் அந்த நாட்டின் பெரும்பகுதி, சில இடங்களில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தடிமனுள்ள பனிப்படலத்தின் அடியில் கிடந்தது. பனி கெட்டியானதுதான், ஆனாலும் தன் எடையால் மெல்ல நகரும். நகரும்போது அடியில் உள்ள பாறையைச் சுரண்டி, மாவாக்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கொட்டும். போன வழியைப் பாறையின் மீது கீறலாக எழுதிவிட்டுப் போகும். பனிக்கடியில் ஓடிய ஆறுகள் விட்டுச்சென்ற நீண்ட மணல்கரைகளும் உண்டு. அவற்றை எஸ்கர் என்பார்கள். கீறலையும் எஸ்கரையும் படிக்கத் தெரிந்தவருக்குத் திசை தெரியும்.

பனி அங்கே மேற்கு நோக்கி நகர்ந்திருந்தது. ஆகவே இவர்கள் கிழக்கே போனார்கள். மரம்கூட வளராத அந்தத் துந்திர வெளியில் வாளி மணலுக்காக விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் தாவித் தாவி, லாக் டி கிரா என்ற ஏரி வரை ஏறக்குறைய 600 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் தொலைவு. 1980களின் நடுவில் அந்த ஏரிப் பகுதியில் மணிகள் குவியலாகக் கிடைத்தன. அதைத் தாண்டிக் கிழக்கே போனால் மங்கிப்போயின. சிவப்புத் தடம் நின்றுவிட்டது.

81 சிறு கற்கள்

ஏரிகள் நிறைந்த நாட்டில் எந்த ஏரி? இங்கே இன்னொரு துப்பு. சுற்றியுள்ள பழைய பாறை கடினமானது, கிம்பர்லைட் மென்மையானது. பனி வரும்போது மென்மையானதைத்தான் ஆழமாகத் தோண்டும். தோண்டிய குழியில் நீர் நிறைந்தால், வட்டமான ஆழமான ஓர் ஏரி. பாயின்ட் லேக் என்ற சிறு ஏரி அப்படி இருந்தது. அங்கே பச்சை நிறக் குரோம் டயாப்சைடும் கிடைத்தது. அந்தக் கனிமம் வலுவில்லாதது. நெடுந்தூரம் உருண்டால் பொடியாகிவிடும். அது இருக்கிறதென்றால் வீடு அருகில்.

1990-ல் பி.எச்.பி. என்ற ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனம் கூட்டுச் சேர்ந்தது. 1991-ல் கரையிலிருந்து ஏரிக்கு அடியே சாய்வாகத் துளையிட்டார்கள். வெளியே வந்தது கிம்பர்லைட். அதில் 59 கிலோவைக் கரைத்துப் பார்த்தபோது 81 வைரங்கள். பெரும்பாலானவை மணல் அளவு. நவம்பரில் செய்தி வெளியானதும் அந்த வனாந்தரத்தில் நிலவுரிமைக்காக நிறுவனங்கள் போட்டிபோட்டுக்கொண்டு எல்லைக் கம்பு நட்டன.

கண்டுபிடிப்பு வேறு, சுரங்கம் வேறு

வைரம் கிடைத்தவுடன் பணம் கொட்டவில்லை. மேலும் பல கிம்பர்லைட்டுகளைத் துளையிட்டு, டன் கணக்கில் பாறை எடுத்து, ஒரு டன்னுக்கு எத்தனை காரட், அந்தக் காரட்டின் தரம் என்ன என்று கணக்குப் போட வேண்டியிருந்தது. முதலில் கிடைத்த பாயின்ட் லேக்கில் அப்போது சுரங்கம் வைக்கவில்லை. முதலில் வெட்டியது பாண்டா என்ற வேறொரு கிம்பர்லைட்டை. சுற்றுச்சூழல் விசாரணை நடந்தது. அந்த நிலத்தில் தலைமுறைகளாக வாழும் பூர்வகுடிகளுடன் ஒப்பந்தங்கள் செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1998 அக்டோபரில்தான் எகாட்டி சுரங்கம் திறந்தது. யெல்லோநைஃப் நகருக்கு வடகிழக்கே சுமார் 300 கிலோமீட்டரில் அது இருக்கிறது. கனடாவின் முதல் வைரச் சுரங்கம். அப்போது அதில் பி.எச்.பி.க்கு 51 விழுக்காடு பங்கு, ஃபிப்கேயின் டையா மெட் நிறுவனத்துக்கு 29, ஃபிப்கேக்கும் பிளஸனுக்கும் தலைக்குப் பத்து.

பணம் போன வழி

சுரங்கம் திறந்த அதே 1998-ல் பிளஸன் தான் படித்த பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு 5 கோடி கனடிய டாலர் கொடுத்தார். அது கட்டடத்துக்கோ விளையாட்டு மைதானத்துக்கோ கொடுத்த பணமல்ல. அடிப்படை ஆராய்ச்சிக்காகக் கொடுத்தது. அடிப்படை ஆராய்ச்சி என்றால், உடனடிப் பயன் என்ன என்று கேட்காமல் ஒன்றைப் புரிந்துகொள்வதற்காகவே செய்யும் ஆராய்ச்சி. இன்று அங்கே குவாண்டம் பொருள்களை ஆராயும் நிறுவனம் அவர் பெயரைத் தாங்குகிறது. வான்கூவரில் முதுகுத்தண்டுக் காயங்களுக்கான ஆய்வு மையமும் அப்படியே. 2006-ல் நூறு மனித மரபணுத் தொகுதிகளைப் பத்து நாளில் மலிவாகப் படிக்கும் குழுவுக்கு ஒரு கோடி டாலர் என்று அறிவிக்கப்பட்ட பரிசுக்கும் பணம் தந்தவர் அவரே. பரிசு வழங்கப்படவில்லை. தொழில்நுட்பம் போட்டியைவிட வேகமாக ஓடிவிட்டதால் 2013-ல் அதைக் கைவிட்டார்கள். ஃபிப்கேயும் கொடுத்தார், பல்கலைக்கழகத்தின் ஒகனாகன் வளாகத்தில் அவர் பெயரில் ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

கோடீஸ்வரர் மனம் இரங்கினார் என்று மட்டும் இதைச் சொல்வது போதாது. அரசு சம்பளம் கொடுத்து வரையவைத்த வரைபடங்கள், பனி நகர்ந்த திசையைக் குறித்துவைத்தவர்களின் குறிப்பேடுகள், கேப் டவுனில் அளந்த கால்சியம்: இவை எவற்றையும் யாரும் வைரத்தை உறுதிசெய்துகொண்டு தொடங்கவில்லை. அவருடைய செல்வம் முளைத்த மண் அதுதான். பணம் அந்த மண்ணுக்கே போனது. நம் ஊரிலும் இந்தப் பார்வை புதிதல்ல. கிண்டியில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி நிற்பதற்குக் காரணமான அழகப்பச் செட்டியார் வணிகத்தில் ஈட்டியதைப் படிப்பில் போட்டவர்தான். ஆனால் படிப்புக்குக் கொடுப்பவர்கள் நம்மிடம் பலர். விடை தெரியாத கேள்விக்குக் கொடுப்பவர்கள் குறைவு.

சென்னையில் தொடங்க விரும்புபவர்களுக்கு

பிளஸ் டூ முடித்த பிள்ளை நிலவியல் என்றால் வீட்டில் முதலில் வரும் கேள்வி, வேலை உண்டா என்பதுதான். உண்டு. மாநிலக் கல்லூரியில் இளநிலைப் பட்டத்துக்குச் சேரலாம். முதுநிலைக்குக் கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக வளாகமும் அண்ணா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு ஆள் எடுக்க ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வை நடத்துகிறது. நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதே தேர்வுதான்.

அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்லுங்கள். 1851-ல் அது தொடங்கியபோதே அதன் முதல் சேகரிப்பில் பாறைகளும் கனிமங்களும் இருந்தன. பெரும்பாலான பார்வையாளர்கள் வெண்கலச் சிலைகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நிலவியல் பிரிவில் கூட்டம் இருக்காது. ஒவ்வொரு கல்லின் கீழும் அது கிடைத்த ஊர் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நிதானமாக நடக்கலாம்.